முப்பத்தோராம் எண் பெட்டி

மார்ச் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் மேசை மேல் போட்டு வைத்திருப்பாய். இந்த முறை அப்படிச் செய்யாதே. அப்பா மருத்துவமனையில் இருக்கிறார். என் மருத்துவமனையில்தான்.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சலாகி, நேற்று முதல் மூச்சுக் கருவி வைத்திருக்கிறார்கள். வாயில் குழாய். பேச முடியாது. பாதி மயக்கத்தில் இருக்கிறார், கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறார். போனில் சொல்லியிருக்கலாம். நாலு வருஷத்துக்கு முன்னால் கடைசியாகப் போனில் பேசியபோது இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம், ஒருத்தி சொன்னது இன்னொருத்திக்கு விளங்கவே இல்லை. எழுதினால் ஒருத்தி முடித்த பிறகுதான் இன்னொருத்தி ஆரம்பிக்க முடியும்.

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று நீ கேட்டதில்லை. "டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல, ரெண்டுங்கெட்டான்" என்று அப்பா சொல்வார். நோயாளிகளுக்குப் பாட்டால் வைத்தியம் செய்கிறேன். வைத்தியம் என்றால் துணை வைத்தியம். மூச்சுக் கருவியில் இருப்பவர்கள் பயந்துபோய் அந்தக் கருவியோடு மல்லுக்கட்டுவார்கள். அடக்குவதற்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். மருந்து கூடக் கூட, எழுந்து உட்காரும் நாள் தள்ளிப்போகும். வீட்டு மனிதர்களின் குரலில் பழகிய பாட்டைக் கேட்டால் அந்த மருந்து குறையுமா என்று ஒரு வருஷமாக ஆராய்ச்சி நடத்துகிறேன். நாற்பது பேர் வேண்டும். முப்பது பேர் ஆயிற்று. முப்பத்தொன்றாவது ஆளாக அப்பாவைச் சேர்த்துவிட்டேன். ஊரார் அப்பாவையெல்லாம் சேர்த்துவிட்டு என் அப்பாவை ஒதுக்கி வைத்தால், நாளைக்கு எந்த முகத்தோடு இன்னொரு குடும்பத்திடம் கையெழுத்துக் கேட்பேன்?

எனக்குப் பாட்டு வராது. அது உனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். நீ ஒரு பதிவு செய்து அனுப்பு. தையல் மிஷின் ரிப்பேர் செய்யும்போது அப்பா விசிலடிப்பாரே, அந்த மெட்டு. அரைமணி நேரத்துக்கு மிகாமல்.

"இனி உன் குரல் இந்த வீட்டுல கேக்கக் கூடாது" என்று அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. இது வீடு இல்லை, மருத்துவமனை.

அக்கா


மார்ச் 10

அக்காவுக்கு,

ஒரு நாள்தான் மேசை மேல் கிடந்தது. இரண்டு நாள் என்று நீ எழுதியிருப்பது கொஞ்சம் அதிகம். ஆராய்ச்சிக்காரி அளந்து எழுத வேண்டாமா?

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று நீயும் கேட்டதில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். காலையில் மிஷின் ஓட ஆரம்பித்தால் சாயங்காலம்தான் நிற்கும். ஒன்பது வருஷமாக நான் வாய் திறந்து பாடவில்லை. அந்த இரைச்சலில் பாடினால் எனக்கே கேட்காது என்பது ஒரு வசதி.

பதிவைத் தனி உறையில் போட்டு ஒட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கடைக்குப் பின்னால் ஃபிரேம் அடுக்கும் அறையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுச் செய்தேன். முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏழு தடவை ஆரம்பித்தேன். தொண்டை துருப்பிடித்திருக்கிறது. அந்த மெட்டில் மூன்றாவது வரி முடிவதற்குள் அப்பா நிறுத்திவிடுவார், நினைவிருக்கிறதா? ஸ்க்ரூவை உதட்டில் கவ்விக்கொள்வார், அதனால் விசில் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து. அந்த மெட்டு எப்படி முடியும் என்று நம் இருவருக்குமே தெரியாது. நானும் அங்கேயே நிறுத்தியிருக்கிறேன். ஸ்க்ரூவுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

பாட்டுக்குப் பிறகு கடைசியில் கொஞ்சம் பேசியிருக்கிறேன். அது அப்பாவுக்கு மட்டும். நீ கேட்காதே.

ஒரே ஒரு உதவி. அதைப் போடும்போது அவர் வலது கையை நீ பிடித்துக்கொள். முடியும்வரை விடாதே. கை என்ன செய்தது என்று எனக்கு அப்படியே எழுது. என் மனசு நோகும் என்று கூட்டியும் எழுதாதே, குறைத்தும் எழுதாதே. உன் ஆராய்ச்சித் தாளில் எப்படி எழுதுவாயோ அப்படி எழுது.

சின்னவள்


மார்ச் 19

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ கேட்டபடியே செய்தேன். நேற்று காலை பதினொரு மணி, முப்பது நிமிஷம்.

எங்கள் முறையைச் சொல்லிவிடுகிறேன். பதிவு என்னிடம் தங்காது. அடுத்த கட்டிடத்தில் இருக்கும் புள்ளிவிவரக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் எண் போட்ட சின்னப் பெட்டியில் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து, பூட்டி அனுப்புவார். பெட்டியை இயக்குவது மட்டும்தான் என் வேலை. ஹெட்போன் காது இரண்டையும் அழுத்தி மூடிவிடும், பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு துளி சத்தம் கேட்காது. அதனால் நீ கேட்காதே என்றதை நான் மீறவில்லை, மீறவும் முடியாது.

வலது கையைப் பிடித்திருந்தேன். உள்ளங்கை சூடாக இருந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடித்துக் காய்த்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. முதல் இருபது நிமிஷம் ஒன்றும் இல்லை. இருபத்தி மூன்றாவது நிமிஷம் சுட்டுவிரல் மட்டும் ஒரு தடவை என் உள்ளங்கையில் அசைந்தது. அவ்வளவுதான். கை இறுகவில்லை. கடைசிவரை பிடித்திருந்தேன், அழுத்தம் எதுவும் இல்லை. கண் மூடியே இருந்தது.

இப்படி விரல் அசைவது சாதாரணம். மயக்க மருந்து குறையும்போது தானாகவே அசையும். இதை வைத்துப் பெரிதாக எதையும் கட்டிக்கொள்ளாதே. குடும்பத்தாரிடம் நான் தினமும் சொல்வதைத்தான் உனக்கும் சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நான் வீட்டுக்கு வந்ததும் உன் மாமா உன்னை மிகவும் விசாரித்தார். "சின்னவ பாடினாளா?" என்று மூன்று தடவை கேட்டார். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரு தடவைக்கு நாலு தடவை படித்தேன். அளந்து எழுதியதற்கு நன்றி.

சரி. புரிந்தது. உன் ஆராய்ச்சி நல்லபடியாக முடியட்டும். மாமாவை விசாரித்ததாகச் சொல்.

பதிவை இனி போட வேண்டாம். ஒரு தடவை போதும்.

சின்னவள்


ஏப்ரல் 9

சின்னவளே,

இதை எழுதக் கூடாது என்று நாலு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் நாலாம் தேதி மதியம் அப்பா போய்விட்டார். உன் கடை நம்பருக்கு மாமா போன் செய்து சொன்னார். நீ "சரி மாமா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாயாம். மூன்றாவது வார்த்தை இல்லை. இரண்டு நாள் பயணம், உடலை வைத்திருக்க முடியாது, அது எனக்கும் தெரியும். அதற்குக் கோபம் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு மாதம் இருந்ததே. வரலாமா என்று நீ ஒரு வரி கேட்டாயா? ஒரே ஒரு வரி. நானாகக் கூப்பிட்டால், "அவர் விரட்டினார், நீ யார் கூப்பிட?" என்று எரிந்து விழுவாய் என்று பயந்து நீ கேட்கட்டும் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு தபாலிலும் தேடினேன். "ஒரு தடவை போதும்" என்று எழுதினாய். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற அப்பனுக்கு மருந்து மாதிரி அளந்து ஊற்றுகிறாளே என்று.

கொள்ளி வைக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் நின்றேன். உன் மாமா இருந்தார், தெருக்காரர்கள் இருந்தார்கள். யாரும் இல்லை என்றுதான் தோன்றியது.

அம்மா போன அன்றும் நீ இல்லை. அப்பா போன அன்றும் நீ இல்லை. உன் பிடிவாதம் ஜெயித்துவிட்டது. சந்தோஷமா?

அக்கா


ஏப்ரல் 18

அக்காவுக்கு,

கேட்டேன்.

நீ தேடிய அந்த ஒரு வரியை நான் அப்பாவிடமே கேட்டேன். பதிவின் கடைசியில் பேசியிருக்கிறேன் என்று எழுதினேனே, அது இதுதான்: "அப்பா, நான்தாம்ப்பா. என் குரல் கேக்கக் கூடாதுன்னு சொன்னீங்க, கேக்க வெச்சதுக்கு மன்னிச்சிக்கோங்க. நான் வரட்டுமாப்பா? வரலாம்னா அக்கா கைய ஒரு தடவ அழுத்துங்க. அவ எனக்கு எழுதுவா. அன்னைக்கே கெளம்பிடுவேன்."

கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது அதற்காகத்தான். கூட்டாதே குறைக்காதே என்றதும் அதற்காகத்தான். உனக்கு முன்கூட்டியே சொன்னால், என் மேல் இரக்கப்பட்டு அழுத்தினார் என்று எழுதிவிடுவாயோ என்று பயந்தேன். பயணப்பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். முதலாளியிடம் விடுமுறையும் சொல்லிவிட்டேன். உன் கடிதம் வந்தது. "கை இறுகவில்லை. கடைசிவரை பிடித்திருந்தேன், அழுத்தம் எதுவும் இல்லை." இதற்கு மேல் ஒருத்தர் எப்படி அக்கா மறுக்க முடியும்? வாயில் குழாயோடு கிடக்கும் மனிதர் வேண்டாம் என்கிறார். சாகக் கிடக்கிறவர் சொல்லை மீறி வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை. பெட்டியை அவிழ்த்தேன்.

மாமா போன் செய்தபோது "சரி" என்பதற்கு மேல் ஒன்று சொல்லியிருந்தால் கடையிலேயே விழுந்திருப்பேன்.

அம்மா போன அன்று நான் இல்லை என்று எழுதிவிட்டாய். எழுதியதால் சொல்கிறேன். அன்று கச்சேரிக்குப் போக மாட்டேன் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். "நீ போய்ட்டு வா, அம்மா இப்போ நல்லாத்தான் இருக்கா, நான் பாத்துக்கிறேன்" என்று புடவையை எடுத்துக் கையில் கொடுத்தவள் நீ. நான் திரும்பி வந்தபோது அப்பா வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னார். நீ அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாய். வாயைத் திறக்கவில்லை. ஒன்பது வருஷமாகத் திறக்கவில்லை. நானும் அதை உன்னிடம் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை.

எனக்கு அந்த ஒரு விரல் இருக்கிறது. பெரிதாகக் கட்டிக்கொள்ளாதே என்று எழுதினாய். சின்னதாகத்தான் கட்டிக்கொண்டேன். வரச் சொல்ல மனசில்லை, ஆனாலும் இருபத்தி மூன்றாவது நிமிஷம் அவருக்கு ஏதோ ஆகியிருக்கிறது. பாட்டு முடிந்து நான் "அப்பா" என்று கூப்பிடும் இடம் ஏறக்குறைய அதுதான். அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

இனி எழுதாதே.

சின்னவள்


ஜூலை 3

சின்னவளுக்கு,

எழுதாதே என்றாய். பதினொரு வாரம் எழுதவில்லை. நீ சொன்னதற்காக அல்ல, எனக்குப் பயமாக இருந்ததற்காக.

இதைப் படிக்கும்போது உட்கார்ந்து படி.

மார்ச் இரண்டாம் தேதிக் கடிதத்தில் என் ஆராய்ச்சியைப் பற்றி எழுதினேன். ஒன்றை எழுதவில்லை. நாற்பது பெட்டிகளில் இருபதில்தான் பாட்டு இருக்கும். மற்ற இருபதில் ஒன்றும் இருக்காது. ஹெட்போன் மாட்டுவோம், பெட்டியில் விளக்கு எரியும், உள்ளே சத்தம் கிடையாது. அப்படி ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பாட்டு வேலை செய்கிறதா என்று தெரியும். யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டு, புள்ளிவிவரக்காரர் உறையில் வைத்து ஒட்டிவிடுவார். கடைசி நோயாளி முடியும்வரை உறையைப் பிரிக்கக் கூடாது. எனக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது.

இதை எல்லாக் குடும்பத்துக்கும் உட்கார வைத்து விளக்குவேன். கேள்வி கேட்டால் மறுபடி விளக்குவேன். அப்பா விஷயத்தில் விளக்க வேண்டியவளும் நான், கையெழுத்துப் போட வேண்டியவளும் நான். எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன். உனக்குச் சொல்லவில்லை. சொன்னால், பாதி வாய்ப்புக்காக ஒன்பது வருஷத்து வாயை நீ திறக்க மாட்டாய் என்று நினைத்தேன். எப்படியாவது நீ பாடி அனுப்பிவிட்டால் போதும், பெட்டியில் இல்லாவிட்டாலும் குழாய் எடுத்த பிறகு நானே அவருக்குப் போட்டுக் காட்டலாம் என்று கணக்குப் போட்டேன். குழாய் எடுக்கவே இல்லை.

நான் யாரிடமும் பொய் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிடுவேன். அம்மா விஷயத்திலும் அதைத்தான் செய்தேன். நீ கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், அன்று நான்தான் உன்னைப் போகச் சொன்னேன் என்று அப்பாவிடம் சொல்லப் பல தடவை வாய் வரை வந்தது. அவர் கோபம் அடங்கட்டும் என்று விட்டேன். அடங்கிய பிறகு, ஆறிய புண்ணைக் கீறுவானேன் என்று விட்டேன்.

உன் ஏப்ரல் கடிதம் வந்த மறுநாளே புள்ளிவிவரக்காரரிடம் போய் நின்றேன். முப்பத்தொன்றை மட்டும் பிரித்துக் காட்டச் சொன்னேன். "பிரிக்கலாம்மா. பிரிச்சா அவரக் கணக்குலேருந்து எடுத்துடணும், அப்புறம் இன்னொருத்தரத் தேடணும்" என்றார். அரைக்கிணறு தாண்டி நிற்கிறேன், ஒன்பது பேர் பாக்கி என்று திரும்பிவிட்டேன். அது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாட்டு இருந்தால் அப்பா உன்னை மறுத்திருக்கிறார். பாட்டு இல்லாவிட்டால் மறுத்தது நான். எது வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

முந்தாநாள் உறைகளைப் பிரித்தோம். பாட்டுக் கேட்டவர்களுக்கு மயக்க மருந்து மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெரிய டாக்டர் எழுந்து நின்று கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நான் பட்டியலில் முப்பத்தொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பாட்டு இல்லாத பெட்டி, சின்னவளே. அப்பா உன் குரலைக் கேட்கவே இல்லை. வரட்டுமா என்று நீ கேட்டது அவர் காதில் விழவே இல்லை. அவர் மறுக்கவில்லை.

நீ பதிவு வைத்து ஒட்டி அனுப்பிய உறை பிரிக்கப்படாமல் புள்ளிவிவரக்காரரின் மேசை டிராயரில் இருந்தது. வாங்கி வந்தேன். நீ கேட்காதே என்றாய். கேட்டுவிட்டேன். அப்பா கிடந்த படுக்கையில் இப்போது வேறொருவர் இருக்கிறார், அதனால் பக்கத்தில் துணி வைக்கும் அறையில் உட்கார்ந்து கேட்டேன். மூன்றாவது வரியில் நீ ஸ்க்ரூவுக்கு இடம் விட்ட இடத்தில், அவர் மறுபடி விசிலடிக்க ஆரம்பிப்பார் என்று மடத்தனமாகக் காத்திருந்தேன். ஒரு தடவ அழுத்துங்க என்று நீ சொன்னபோது என் கை தானாக மூடிக்கொண்டது.

அவர் கேட்டிருந்தால் அழுத்தியிருப்பார். இதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாமல் நான் எழுதும் முதல் வரி இதுதான்.

வா.

அக்கா


ஜூலை 14

அக்காவுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன்.

நான் உன்னைத் திட்டப் போகிறேன் என்று பயந்துகொண்டிருப்பாய். இரண்டு நாள் திட்டினேன், மிஷின் ஓடும்போது, வாய்விட்டு. முதலாளிக்கும் கேட்கவில்லை, உனக்கும் கேட்கவில்லை. அதோடு தீர்ந்தது என்று சொன்னால் பொய்.

மறுக்கவில்லை என்று நீ எழுதிய வரியை மட்டும் மூடி வைத்துக்கொண்டு படித்தால் மூச்சு வருகிறது. அதற்கு முன் வரியில் கேட்கவே இல்லை என்று இருக்கிறது. ஒன்றை விட்டு ஒன்றை வைத்துக்கொள்ள முடியவில்லை. மறுத்தார் என்று நினைத்திருந்தபோது கோபமாவது துணைக்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. கட்டி வைத்த பெட்டியை நானே அவிழ்த்தேன் என்பது மட்டும் இருக்கிறது.

ஒன்று யோசித்தாயா? ஹெட்போன் காதை அழுத்தி மூடிவிடும் என்று எழுதினாய். அப்படியென்றால் நீ பேசியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. பெற்றது இரண்டு பெண், ஒருத்தி குரல் டிராயருக்குள், ஒருத்தி பக்கத்தில் வாய் மூடி உட்கார்ந்திருக்கிறாள். முப்பது நிமிஷம் மனுஷன் ஒன்றுமே கேட்காமல் கிடந்திருக்கிறார். என்னைப் பற்றி நினைத்து அழுவதைவிட இதை நினைத்தால்தான் அதிகம் அழுகிறேன்.

வா என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தைக்குத்தான் ஒன்பது வருஷம் காத்திருந்தேன், ஆனால் உன்னிடமிருந்து இல்லை. கொஞ்ச நாள் போகட்டும். வருவேன், எப்போது என்று கேட்காதே. வந்தால் அந்தத் துணி அறையையும் பார்க்க வேண்டும். மாமாவுக்கு நான் பாடியதைப் போட்டுக் காட்டு. அவராவது கேட்கட்டும்.

உன் ஆராய்ச்சியை இத்துடன் நிறுத்திவிடாதே. அடுத்து வருபவர்களுக்குப் பாட்டைப் போடு. பெட்டிகளில் பாதியில்தான் பாட்டு என்பதை மட்டும் அவர்கள் எல்லோரிடமும் சொல், தூரத்தில் இருப்பவர்களிடமும் சொல்.

கடைசியாக ஒன்று. இருபத்தி மூன்றாவது நிமிஷம் சுட்டுவிரல் அசைந்தது என்று எழுதினாய். அது நான் "அப்பா" என்று கூப்பிட்ட இடம் என்று நாலு மாதமாக வைத்திருந்தேன். அப்போது நான் அங்கே இல்லை. அவர் காதிலும் இல்லை. அவர் கை உன் கையில் இருந்தது, அவ்வளவுதான். அந்த விரல் உனக்காகத்தான் அசைந்திருக்கிறது அக்கா. இனி அது உன்னிடம் இருக்கட்டும்.

சின்னவள்